சிவப்பா ஒழுகுன போட்டு

போன சனிக்கிழமை காலையில எங்க வீட்டு ஷெட்டுல, போட்டுக்குக் கீழே ஒரு சிவப்புக் குட்டை. சின்னதுதான். அதைப் பார்த்ததும் எங்க வீட்டுக்காரர் தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டார்.

போட்டான்னு கேட்கறீங்களா? ஆமாங்க. கடலோர ரிசார்ட் ஒண்ணு கழிச்சுக் கட்டின பழைய மோட்டார் போட்டு. லாரியும் சுண்ணாம்புப் புழுதியும் பறக்கற அரியலூருக்கு இதை இவர் இழுத்துட்டு வந்தப்போ நான் போடாத சண்டையில்லை. அப்புறம் ஏரி நிரம்பி, அனுமதி வாங்கி, என்னை உக்கார வச்சு ஒரு ரவுண்டு ஓட்டினார் பாருங்க... சொக்கிட்டேன்! அன்னியோட என் வாய் அடைச்சுப்போச்சு.

ஆனா பழசு பழசுதானே? எஞ்சின்லேர்ந்து கறுப்பா ஆயில் சொட்ட ஆரம்பிச்சுது. இவருக்கு அலுத்துப்போய், இன்னொரு தடவை ஒழுகினா வித்துடுவேன்னுட்டார்.

லப்பைக்குடிக்காட்டுலேர்ந்து யூசுப் பாய் வந்தார். இவரோட காலேஜ் சிநேகிதர், குவைத்துல போட் ஒர்க்‌ஷாப் நடத்தினவர். எஞ்சினைச் சுத்தமா துடைச்சு, என் முகத்துக்குப் போடற பவுடரை வாங்கி அதுமேல தூவினார். அடிப்பாகத்தை தண்ணி ட்ரம்ல முக்கி ஓட்டினார். பவுடர் எங்க நனையுதோ அங்கதான் கசிவு! ஆயில் ஃபில்டர் ஓரத்துல நனைஞ்சுது. கழட்டினா – பழைய ஃபில்டரோட ரப்பர் வளையத்தை எடுக்காமலே அதுமேல புதுசை மாட்டியிருக்கு. மாட்டின புண்ணியவான் யாரு? எங்க வீட்டுக்காரரேதான்.

சரி பண்ணியாச்சு. ஞாயித்துக்கிழமை ஏரிக்குப் போகலாம்னு என் நாத்தனாரையும் கீழப்பழுவூர்லேர்ந்து வரவழைச்சோம். வந்து ஒரு ராத்திரி தங்கினாங்க. விடிஞ்சா... அந்தச் சிவப்புக் குட்டை.

எஞ்சினைத் தூக்கி இறக்கற பம்ப்போட ஆயில் சிவப்பாத்தான் இருக்குமாம். அது போச்சுன்னா பெரிய செலவு. இவர் உடனே, ஏற்கெனவே விலைக்குக் கேட்டிருந்த பெரம்பலூர் ஆளை போன்ல கூப்பிட்டு, சாயங்காலம் வந்து எடுத்துக்கங்கன்னுட்டார். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

நான் பாய்க்கு போன் போட்டேன். அடிச்சுப் பிடிச்சு வந்தார். மறுபடி பவுடர். பம்ப்பு, டியூபு எல்லாம் காஞ்சு கிடக்கு! சிவப்பை விரல்ல தேய்ச்சார். மோந்தார்.

"ஆயில்னா வழுக்கணும் தங்கச்சி. இதுல மஞ்சள் வாசம்ல வருது?"

காபி டம்ளரோட அண்ணி, அதான் என் நாத்தனார், வெளியே வந்தாங்க. ஊர்க் கண்ணு பட்டுத்தான் போட்டு ஒழுகுதுன்னு, விடியக்காலையில ஆரத்தி கரைச்சு சுத்தியிருக்காங்க. சரி, ஆரத்தியை வாசல்லதானே ஊத்துவாங்க? எஞ்சின் மேல ஏன் ஊத்தினீங்கன்னு கேட்டேன்.

"படகுக்கு வாசல் எது? ஏறுற இடம்தானே. ஏணி பின்னாடி, எஞ்சின் பக்கத்துலதானே இருக்கு?"

பதில் சொல்லுங்க பார்ப்போம்! இவரும் பாயும் சிரிச்ச சிரிப்புல எதிர் வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்தாங்க. இவர் அந்தப் பெரம்பலூர் ஆளைக் கூப்பிட்டு, மன்னிச்சுக்கங்க, விக்கறதா இல்லைன்னார். நான் ரெண்டாவது காபியே போட்டுட்டேன் எல்லாருக்கும்.

வீட்டுச் சண்டைகள் பாதி இப்படித்தான் இல்லையா? ஒருத்தர் பாசத்துல ஊத்தினதைப் பார்த்து, இன்னொருத்தர் ஒழுகுதுன்னு பதறிடறோம்.

மறுநாள் ஏரியில, லைஃப் ஜாக்கெட்டோட என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடி உக்காந்தாங்க அண்ணி. பாதி ஏரி தாண்டினதும் மெதுவா திறந்தாங்க. அவ்வளவுதான்... கரைக்கு வந்தா இறங்க மாட்டேங்கறாங்க. இன்னொரு ரவுண்டு விடு தம்பி, இன்னொரு ரவுண்டுன்னு ஒரே பிடிவாதம்.

இப்போ போட்டு ஒரு சொட்டுகூட ஒழுகலை. அண்ணி ஊருக்குக் கிளம்புற பேச்சைத்தான் காணோம்!