பசுவின் மேல் விழுந்த பழி

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகளுக்கு மாறி மாறி வயிற்றோட்டம். ஆஸ்பத்திரி மருந்தில் எழுந்தவர்கள் மறுபடியும் படுத்தார்கள். எல்லோரும் கை காட்டியது என் அக்காவின் பசுவை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேல்பக்கம்தான் அதன் பட்டி. கொழுந்து பறிக்கிற நேரம் போக அக்காவுக்கு உலகமே அந்தப் பசுதான். அவள் மகளும் படுத்துவிட்டாள்.

“வித்துடுறேன்டி. லொறிக்காரன் வர்றேன்னு சொல்லிட்டான்” என்று போனில் சொன்னாள். லொறியில் ஏறிய மாடு எங்கே போகும் என்று எங்களுக்குத் தெரியும்.

“கொஞ்சம் பொறுக்கா, நான் பார்த்துட்டுச் சொல்றேன்.”

நான் கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில், ஒட்டுண்ணிகளின் டி.என்.ஏயைப் படிக்கிறவள். வீட்டில் ‘சாணி பார்க்கிற வேலை’ என்பார்கள், பொய்யில்லை. லயத்துக்குப் போய், தாய்மாரிடம் கேட்டுப் பிள்ளைகளின் மலத்தையும், பட்டியில் சாணத்தையும் சிறு குப்பிகளில் எடுத்துக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் மடியிலிருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்து, பக்கத்து சீட் அம்மா, “மீனுங்களா?” என்று ஆசையாகக் கேட்டார். இல்லீங்க என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நுணுக்குக்காட்டியில் பார்த்ததும் மனசு விட்டுப்போனது. இரண்டிலும் ஜியார்டியா என்ற வயிற்றோட்டக் கிருமி. அதே முட்டை வடிவம், அதே மெல்லிய ஓடு. லயத்துச் சனம் சொன்னது சரிதான் போலிருந்தது.

இனி டி.என்.ஏதான் கதி. ஏ, டீ, ஜீ, சீ என்று நான்கே எழுத்துகள். புழு, பசு, தேயிலைச் செடி, நான், எல்லாமே அந்த நான்கில் எழுதப்பட்டவை. பிள்ளைகளுடைய கிருமியின் எழுத்து வரிசையை மேலேயும் பசுவினுடையதைக் கீழேயும் வைத்துப் பார்த்தேன். முதலில் ஒத்துப்போயின. பிறகு ஓர் எழுத்து விலகியது. அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்த்துவைத்திருக்கும் டி.என்.ஏ தொகுப்பில் தேடினேன். பசுவினுடையது கால்நடைகளுக்குள் சுற்றுகிற வகை. பிள்ளைகளுடையது மனிதர்களிடம் இருக்கிற வகை. கடல் கடந்த ஏதோ ஒரு தேசத்துப் பிள்ளையிடம் எடுத்த வரிசையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. தினமும் பார்க்கிற எனக்கே உடம்பு சிலிர்த்தது. கண்ணுக்கே தெரியாத ஒன்று, தன் வம்சத்தை இவ்வளவு சுத்தமாக எழுதி வைத்துக்கொண்டு எங்கள் லயம் வரை வந்திருக்கிறது! கும்பிடலாம் போலிருந்தது. பிள்ளைகளைப் படுத்தி எடுத்த சனியனையா கும்பிடுவாய் என்று என்னையே திட்டிக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, மாட்டுகிட்ட இருக்கிறது வேற, புள்ளைங்ககிட்ட இருக்கிறது வேற. மாட்டால வரல.”

அக்கா ஓவென்று அழுதாள். அழுது முடித்து, “அப்ப புள்ளைக்கு எங்கேருந்துடி வந்துச்சு?” என்றாள்.

“மனுசங்ககிட்ட இருந்துதான்க்கா. பட்டிக்கும் மேல அந்தக் கக்கூஸ் குழி உடைஞ்சு கெடக்கே, அதுதான் பீலித் தண்ணியில கலந்திருக்கும். தோட்டத்துல சொல்லி அதை மொதல்ல பார்க்கச் சொல்லு. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அப்ப லொறியில யாரடி ஏத்துறது?”