கடைசிப் பக்கம் இல்லாத நாவல்

பொன்னமராவதி நூலகத்தில் மாதம் ஒருமுறை வாசகர்கள் கூடி, படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் கேட்பதோடு சரி.

அன்று முதன்முறையாக எழுந்து ஒரு நாவலைப் பற்றிச் சொன்னேன். "கோவிச்சுக்கிட்டுப் போன மகனுக்காக அப்பா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாரு. அதோட கதை முடிஞ்சிருதுங்க."

"அண்ணே, மகன் வந்துருவானே! ஒங்க புத்தகத்துல கடைசிப் பக்கத்த யாரோ கிழிச்சிருக்காக" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். இனி இங்கே வரவே கூடாது என்று கூசிப்போய் உட்கார்ந்தேன்.

தையல் கடை வைத்திருக்கும் பாத்திமா எழுந்தார். "சிரிக்காதீங்க. துபாய்க்குப் போன எம்மகன் பேசியே ரொம்ப நாளாச்சு. அண்ணன் சொன்னதுதான் என் கதை. அந்தக் கிழிஞ்ச புத்தகத்தையே எனக்குத் தாங்கண்ணே."

அவர் அப்படிக் கேட்டதால்தான் இன்றும் கூட்டத்துக்குப் போகிறேன், பேசுகிறேன். கிழியாத பிரதி கிடைத்தும் கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னும் படிக்கவில்லை. அவர் மகன் வந்ததும் படித்துக்கொள்வேன்.