வாயில் இட்லியோடு கேட்ட ஜெபம்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, எங்கள் மகள் இருபத்தெட்டாவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை தொள்ளாயிரத்து எண்பது கிராம். சித்தூரில் வலி கண்டதும் ஆம்புலன்சில் திருப்பதிக்கு அனுப்பினார்கள். சேர்ந்த ஒரு மணி நேரத்தில் பிரசவம். அது ஒரு வியாழக்கிழமை. அவள் அழுத சத்தத்தை நான் கேட்கவில்லை.

நான் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறவள். எதையும் வரிசையாக எழுதினால்தான் எனக்கு மனம் நிற்கும். அன்றும் டாக்டர் சொன்னதை எழுதினேன். மூச்சுக்கு இயந்திரம். குடல் முதிரவில்லை, பால் இப்போது வேண்டாம். அதனால் பிறந்த சில மணி நேரத்திலேயே தொப்புள் வழியாகக் குழாய். சர்க்கரை, புரதம், கொழுப்பு, உப்புகள் எல்லாம் நேராக இரத்தத்துக்கு.

"வயித்துல இருந்தப்போ அவளுக்கு ஒரு நிமிஷம்கூட சாப்பாடு நின்னதில்லைம்மா. இங்கேயும் நிக்கக் கூடாது," என்றார்.

எழுதிக்கொண்டேனே தவிர, எனக்கு அது ஏறவில்லை. 'வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது' என்ற வரிதான் மனதில் நின்றது. வெள்ளிக்கிழமை நம் சபை அவளுக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் தொடங்கியது. பாப்பாவும் உபவாசம், நானும் உபவாசம் என்று முடிவு செய்தேன். கொடுத்த சாப்பாட்டையெல்லாம் என் கணவர் டேனியலுக்குத் தெரியாமல் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குத் தள்ளிவிட்டேன். தண்ணீர் மட்டும் குடித்தேன்.

ஞாயிறு காலை தொப்புள் குழாய் இடம் நகர்ந்துவிட்டது. எடுத்துவிட்டார்கள். கையில் ஊசி போட்டு வெறும் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினார்கள். பத்து மணிக்கு அந்தக் கையும் வீங்கியது. வாசலில் காத்திருந்த எங்களிடம் பாப்பாவின் வார்டு நர்ஸ் சரளா சிஸ்டர் வெளியே வந்தார்.

"நரம்பு கெடைக்கல ஜெனி. டாக்டர் ரெண்டு தபா குத்திப் பாத்துட்டாரு. சக்கரை எறங்கிக்கினே வருது."

"எவ்வளவு?"

"முப்பத்தெட்டு. கால்ல இன்னொரு தபா பாக்கறாரு."

இன்னும் இறங்கினால் மூளையைத் தாக்கும் என்று எனக்குத் தெரியும். எழுந்தேன். கண் இருட்டியது. டேனியல் தாங்கிப் பிடித்தார்.

"காலைல இன்னா துன்ன?" என்றார் சிஸ்டர்.

"மூணு நாளா உபவாசம் சிஸ்டர். பாப்பாவும் சாப்பிடாமத்தானே இருக்கா."

"தட்டு காலியா இருந்துச்சே! நான் நம்பிக்கினு இருந்தேனே!" என்றார் டேனியல்.

"பாப்பா பட்டினின்னு எவ சொன்னா? பொறந்த அன்னிக்கே நரம்பு வழியா துன்ன ஆரம்பிச்சுட்டா உன் பொண்ணு. இங்க பட்டினி கெடக்கறது நீ ஒருத்திதான், இன்ஜினியரம்மா! ரெண்டு சொட்டுப் பால்தான் வருதுன்னு அழுதியே, வேற எப்படி வரும்? மொதல்ல துன்னு." திட்டிவிட்டு உள்ளே ஓடினார்.

டேனியல் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். உபவாசம் முடிய மாலை ஆக வேண்டும். இப்போது முறித்தால் கர்த்தர் முகம் திருப்பிக்கொள்வாரோ என்று பயந்துகொண்டேதான் பிட்டு வாயில் வைத்தேன். என் நோட்டில் பதினொரு ஜெபக் குறிப்புகள் இருந்தன. நுரையீரல், கண், மூளை, எடை... ஒன்றும் வாயில் வரவில்லை. முழங்காலிடவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை. இட்லி தொண்டையில் அடைக்க, "ஆண்டவரே, ஒரு நரம்பு. ஒரே ஒரு நரம்பு," என்றேன்.

மூன்றாவது இட்லியில் கதவு திறந்தது.

"கெடைச்சிடுச்சி! கணுக்கால்ல. நூல் மாதிரி நரம்பு, ட்யூப் அப்படியே போயிடுச்சி!" சரளா சிஸ்டர் முகக்கவசத்துக்குள் சிரித்துக்கொண்டே அழுதார். பன்னிரண்டு மணிக்குச் சர்க்கரை அறுபத்திரண்டு.

இரண்டு நாளில் எனக்குப் பால் கூடியது. மூக்குக் குழாய் வழியாக ஒரு மில்லியில் தொடங்கினார்கள். பால் ஏற ஏற, நரம்பு வழிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து, மூன்றாம் வாரம் நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வந்தோம். இப்போது அவளுக்கு ஒன்றரை வயது. ஓடுகிறாள்.

டாக்டரின் கையும் சிஸ்டரின் திட்டும் கர்த்தர் அனுப்பியவை என்றே நான் விசுவாசிக்கிறேன். உபவாசத்தை நான் குறை சொல்லவில்லை, இன்றும் இருக்கிறேன். ஆனால் என் பசியைக் காட்டித்தான் அவர் மனதை இளக்க வேண்டும் என்ற எண்ணம் என்னைவிட்டுப் போய்விட்டது. நான் கேட்பதற்கு முன்பே, முதல் நாளிலேயே, அவர் என் பிள்ளைக்கு ஊட்டத் தொடங்கியிருந்தார்.

இன்று ஏதோ ஒரு வார்டு வாசலில் நிற்கிற சகோதரியே, அவரை நம்பு. தைரியமாகக் கேள். முதலில் சாப்பிட்டுவிட்டு வந்து கேள்.