மையவாடிப் புல்

கிண்ணியாவில் நபீஸாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவளுடைய புருசன் இஸ்மாலெப்பை. போன வருடம் மௌத்தாகிவிட்டார். மற்றவர் பள்ளிவாசல் தலைவர் அபூதாஹிர். அவருக்கு ஒரு காது கேட்காது. நபீஸா பேசத் தொடங்கினால் அந்தக் காதைத்தான் அவள் பக்கம் திருப்புவார்.

இஸ்மாலெப்பை செய்தது வயல் வேலை. உயிரை வைத்திருந்தது கானாங்கோழிக் கறியில். களப்புக் கரையில் கண்ணி வைத்துப் பிடிப்பார், பிஸ்மில்லாஹ் சொல்லி அறுப்பார், மிளகு தூக்கலாக ஆக்கச் சொல்வார். அயலுக்கு ஒரு கிண்ணம்கூடப் போகாது. கடைசியில் நோயில் விழுந்தபோது டொக்டர் இறைச்சியை மறித்துவிட்டார்.

“ஒரு கால்த்துண்டு போதும் நபீஸா” என்று மனுசன் கெஞ்சினார்.

“ஏலாது” என்றாள் நபீஸா. கண்ணியை எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தும் வைத்தாள். டொக்டர் சொன்னபடி கேட்டும் அவர் பிழைக்கவில்லை. அந்தக் கால்த்துண்டு அன்றிலிருந்து அவளுடைய தொண்டையில் நின்றது.

அவரை அடக்கிய மையவாடிக்குள் பெண்கள் போகும் வழக்கம் அங்கே இல்லை. அதனால் வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுதுவிட்டு மதிலோரம் வந்து நிற்பாள். அவருடைய கபுறின் தலைமாட்டில் அடையாளத்துக்கு நட்ட மீஸான் பலகைக்கு அவளே பச்சைப் பெயின்ற் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதைக் கண்டதும் ஸலாம் சொல்வாள், ஊர்க் கதை சொல்வாள், அவர் செய்யாமல் விட்டுப்போன வேலைகளுக்குக் கொஞ்சம் ஏசுவாள். பிறகு மனம் ஆறி வீட்டுக்குப் போவாள்.

இந்த நிம்மதிக்குப் பள்ளி நிர்வாகம் உலை வைத்தது. தொழுகைக்கு முன் கை கால் கழுவுகிற தண்ணீர் வீணாகிறதென்று மையவாடிக்குள் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். பறவை பிராணிகளும் அல்லாஹ்வின் படைப்புத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும், பாதி மையவாடியில் புல் வெட்டாமல் விடுவோம் என்று தீர்மானமும் எடுத்தார்கள். ஊரே கை கால் கழுவிய தண்ணீர். புல் ஆள் உயரத்துக்கு எழுந்தது. கொக்கு வந்தது, உடும்பு வந்தது. பச்சைப் பலகை காணாமல் போனது.

நபீஸா தலைவரின் சீமெந்துக் கடைக்கே போனாள்.

“காக்கா, அந்த மனிசன்ட கபுறு எங்க கிடக்கெண்டே தெரியல்ல.”

“பச்சைப் புல்லு அல்லாஹ்வைப் புகழ்ந்து தஸ்பீஹ் ஓதும் தங்கச்சி. மௌத்தானவங்களுக்கு நல்லந்தானே.”

“உங்கட வாப்பா புல்லு வெட்டுற பக்கத்திலதானே கிடக்கார்? அவருக்கு ஆரு ஓதுற?”

இது அபூதாஹிரின் நல்ல காதில் விழுந்துவிட்டது. ஒரே ஒரு கபுறடியில் மட்டும் வெட்டலாம் என்று அன்றைக்கே அனுமதி கொடுத்தார்.

மறுநாள் பள்ளிக்குப் புல் வெட்டும் றிப்தி மெசினோடு உள்ளே போனான். நபீஸா மதிலுக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டு, அதில் ஏறி நின்று வழி காட்டினாள்.

“வேம்புக்கு நேரே, மகன். இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு.”

பச்சைப் பலகையின் நுனி தெரிந்தபோது அவள் எக்கி நின்று ஸலாம் சொன்னாள். அந்த நேரம் பார்த்துப் புல்லுக்குள்ளிருந்து ஒரு கானாங்கோழி பாய்ந்து ஓடியது. றிப்தி மெசினை நிறுத்திவிட்டுக் குனிந்தான்.

“மாமி, பலகையோட ஒட்டிக் கூடு கட்டியிருக்கு. அஞ்சாறு முட்டை கிடக்கு. எடுத்துத் தரட்டா?”

நபீஸா கதிரையை விட்டு இறங்கவில்லை. படுக்கையில் கிடந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனுசனின் தலைமாட்டுக்கு, ஒருவரும் கண்ணி வைக்காமல், அது தானாகவே வந்து குடியிருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது. முக்காட்டுத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

“தொடாதீங்க மகன். அது அவர்ர கோழி. மெசினை எடுத்துக்கொண்டு வெளிய வாங்க.”

“அப்ப கபுறு தெரியாதே மாமி?”

“தெரியாட்டிப் பரவாயில்ல.”

“வெட்டச் சொல்லி நிண்டதும் நீங்கதானே?” என்று அபூதாஹிர் பிறகு கேட்டார். அன்றைக்கு நபீஸாவுக்கும் காது கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி வாளியைத் துழாவி, கண்ணியை எடுத்து அடுப்பில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. புல் சாய்ந்து பலகையை மறுபடி மறைத்திருந்தது. நபீஸா புல்லைப் பார்த்தே ஸலாம் சொன்னாள். உள்ளே எங்கோ கானாங்கோழி கத்தியது. அவள் மதிலில் கையை வைத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“கேட்டது வந்திட்டுத்தானே. இனி என்னோட கோவிக்காதீங்க. குஞ்சு பொரிச்சுப் போற மட்டும் அதில கைய வைச்சிராதீங்க.”