கோணேஸ்வரியின் சைக்கிளுக்குக் கிடைத்த விடுதலை

சல்லிக் கிராமத்துக் கோணேஸ்வரியின் கருவாடு இல்லாமல் உப்புவெளி விடுதிக் குசினிகள் பலவற்றில் அடுப்பு எரியாது. அதைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பவரும் அவர்தான். ஐம்பதைத் தாண்டிய பிறகு அவரது கால்கள் முன்னறிவித்தல் இன்றி வேலைநிறுத்தத்தில் இறங்கின. கதவடிக்கு வந்ததும் பாதங்கள் நிலத்தில் ஒட்டிக்கொள்ளும். பேச்சுவார்த்தைக்கும் இடமில்லை.

போதனா வைத்தியசாலையின் நரம்பியல் பிரிவு, இது பார்க்கின்சன் நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தது. கணவர் இராசையாவும் தம் பங்குக்கு ஒரு வைத்தியம் செய்தார்: மனைவியின் சைக்கிளைத் தோணிக் கயிற்றால் பூவரசில் கட்டிவைத்தார். கடலோடி போட்ட முடிச்சு, சாமானியத்தில் அவிழாது. நடக்க முடியாதவளுக்குச் சைக்கிள் எதற்கு என்ற அவரது நியாயத்தை ஊரே ஏற்றது. "நடக்கத்தான் ஏலாது, மிதிக்க ஏலும்" என்று கோணேஸ்வரி சொன்ன அன்று, நோய் மூளைக்கு ஏறிவிட்டதென்று பக்கத்து வீட்டு இராசமலர் அம்மனுக்கு நேர்த்தி வைத்தார்.

அடுத்த கிளினிக்கில், மாணவர்கள் புடைசூழ அமர்ந்திருந்த நிபுணர் சுஹைராவிடம் வழக்கு போனது.

"டொக்டர், இவர் என்ர சைக்கிளை மரத்தில கட்டி மறியல்ல வச்சிருக்கிறார்."

இராசையா சிரித்தார். "வாசல் தாண்ட ஏலாத மனுசிக்குச் சைக்கிள் ஆசை, டொக்டர். இதுக்கும் ஒரு குளிசை எழுதுங்கோ."

டொக்டர் சிரிக்கவில்லை. "இந்தப் பார்க்கின்சன் வருத்தத்தில சில பேருக்கு அப்பிடித்தான் ஐயா. நடை நிண்டுபோகும், மிதி நிக்காது. வாங்கோ, பாப்பம்."

காவலாளியின் சைக்கிள் முற்றத்துக்கு வந்தது. இரண்டு மாணவர்கள் பிடித்து ஏற்றிவிட்டார்கள். ஒரு மிதி, இரண்டு மிதி, அவ்வளவுதான். மருந்துக்கு நின்ற வரிசை கலைந்து, சனம் ஓரத்துக்கு ஓடியது. அம்புலன்ஸைச் சுற்றி, தண்ணீர்த் தாங்கியைச் சுற்றி, ஒரு கையை விட்டு முந்தானையையும் சரிசெய்துகொண்டு கோணேஸ்வரி வந்தார். முற்றம் முழுக்கக் கைதட்டல். ஒரு மகாராணியின் பவனிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இறக்கிவிட்டதும் பாதங்கள் மறுபடி ஒட்டிக்கொண்டன.

"கண்டீங்களோ? ஏறவும் இறங்கவும் பிடிக்க ஆள் வேணும். ஆளில்லாமல் ஓடக் கூடாது, பெரிய ரோட்டுப் பக்கமும் போகக் கூடாது" என்றார் டொக்டர். "பிடிக்கிறது ஆர்?"

மாணவர்கள் எல்லோரும் இராசையாவைப் பார்த்தார்கள்.

அன்று மாலையே கயிறு அவிழ்ந்தது, கட்டியவரே அவிழ்த்தார். இப்போது காலையில் கடற்கரை ஒழுங்கையில் முதலில் கருவாட்டுச் சைக்கிள் வரும், பின்னால் சாரத்தை மடித்துக் கட்டிய இராசையா வருவார்.

"என்ன அண்ணே, இந்த வயசில ஓட்டப் போட்டியோ?" கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கதிரவேல் கேட்டார்.

"கதை குடுக்காத தம்பி, மூச்சு வாங்குது."

கோணேஸ்வரி திரும்பியும் பார்க்கவில்லை. "இஞ்சாருங்கோ, விடுதி வருது! முன்னுக்கு ஓடிப்போய் நில்லுங்கோ!"

இராசையா சைக்கிளை முந்திக்கொண்டு ஓடினார்.