தண்ணீர் குடித்துவிட்டு ஓடிய ஓட்டம்

அன்று பின்னேர அஸர் தொழுகைக்குச் சற்று முன், வவுனியாவில் ஒரு மைதானத்தின் கோல் கம்பத்தில் சாய்ந்தபடி, அல்லாஹ் என் துஆவை, என் வேண்டுதலை, மறுத்துவிட்டான் என்று முடிவு கட்டியிருந்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. எழுந்து நின்றால் தரை ஆடியது. அது 2003 ரமழான். எனக்கு இருபது வயது.

1990இல் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டு, நாங்கள் முல்லைத்தீவை விட்டுப் புத்தளம் போகவேண்டி வந்தபோது நான் சிறுபிள்ளை. சமாதான காலத்தில் பாதை திறந்ததும் திரும்பி வந்தோம். பழைய கடை இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. வாப்பா அதை வெட்டித் துப்புரவாக்கி, தறப்பாளின் கீழ் மறுபடி கடை போட்டார். எனக்குப் பந்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி தன் உதைபந்தாட்ட அணிக்கு ஆள் தெரிவு செய்ய வவுனியா வருவதாகக் கேள்விப்பட்டோம். தெரிவானால் அந்தக் கம்பனியிலேயே வேலை, தங்க இடம். இருபத்தொரு வயது ஆனவர்களை எடுக்கமாட்டார்கள். இதை விட்டால் நான் மறுபடி புத்தளத்து உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போகவேண்டியதுதான்.

முதல் நாள் பந்தையே தொடமுடியாது என்றார்கள். நேராக ஒரு ஓட்டம், சுவரோரம் நின்று ஒரு பாய்ச்சல், கடைசியில் கசெற் சத்தத்துக்கு ஏற்ப இரண்டு கோடுகளுக்கு நடுவே போய்வந்து போய்வந்து ஓடுவது. மூன்றிலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டி, மேலே நிற்பவர்களை மட்டும் மறுநாள் விளையாட விடுவார்கள்.

நான் வேகமானவன் அல்ல. பந்து எங்கே வரும் என்பது மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரியும். அதை அளக்க எந்தக் கடிகாரமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் ஒன்றையே கேட்டேன். யா அல்லாஹ், என் காலுக்கு வேகத்தைத் தா.

புறப்படும்போது வாப்பா சொன்னார்: "மகன், பயணத்தில இருக்கிறவனுக்கு நோன்பை விட அனுமதி இருக்கு. சாப்பிட்டுட்டு ஓடு. பிறகு கழாச் செய்யலாம்."

விட்ட நோன்பை வேறொரு நாளில் பிடித்து ஈடு செய்வதுதான் கழா. எனக்கும் அது தெரியும். ஆனால் நான் பிடிவாதக்காரன். நோன்போடு ஓடினால் அல்லாஹ் என்னைக் கைவிடுவானா என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். "இல்லை வாப்பா, பிடிச்சுக்கொண்டுதான் ஓடுவன்" என்றேன்.

ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டும் வரிசையில் சசியைச் சந்தித்தேன். விசுவமடுப் பையன், என் வயது. மலையகத்திலிருந்து வந்து வன்னியில் தோட்டம் செய்யும் குடும்பம். அவனும் அதே தெரிவுக்குத்தான் வந்திருந்தான். அவனது பையில் சப்பாத்து இல்லை. "எனக்கு வெறுங்கால்தான் மச்சான் ஓட வரும்" என்று சிரித்தான். அன்றிரவு அவன் உறவுக்காரர் வீட்டிலும் நான் ஒரு பள்ளிவாசலிலும் தங்கினோம். அங்கேயே விடியுமுன் ஸஹர் சாப்பிட்டு நோன்பு பிடித்தேன்.

மறுநாள் மழைக்கு முந்திய புழுக்கம் ஆளை அவித்தது. நேர் ஓட்டத்தில் சசி ஓடியதைப் பார்த்து, தெரிவை நடத்திய மாஸ்டர் கடிகாரத்தை இரண்டு தரம் பார்த்தார். நான் கடைசி ஆட்களுக்குள் வந்தேன். பிறகு கையில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு பாய்ந்து சுவரைத் தொடவேண்டும். எல்லோருடைய கை அடையாளமும் மேலே கூட்டமாக இருந்தது. என்னுடையது கீழே தனியாக இருந்தது. அந்த வெள்ளைக் கையைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

மிச்சம் இருந்தது கசெற் ஓட்டம். நெடுநேரம் ஓடுவது எனக்குப் பழக்கம்தான். ஆனால் அந்தக் கோல் கம்பத்தில் சாயாமல் நிற்கவே முடியவில்லை. மாஸ்டர் கிட்ட வந்தார்.

"தம்பி, முகம் வெளிறிப் போச்சு. தண்ணி குடியும்."

"நோன்பு சேர்."

"அப்ப ஓடாதையும். விழுந்தீர் எண்டால் நான்தான் பதில் சொல்லோணும்."

"ஓடாட்டி எனக்கு ஒண்டும் இல்லை சேர்."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் மரத்தடியில் அஸர் தொழுதேன். ஸுஜூதில் நெற்றி மண்ணில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. அன்றுதான் முதன்முறையாக வேகம் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, யா அல்லாஹ், நீயே வழிகாட்டு என்று மட்டும் கேட்டேன்.

தொழுது எழும்பியபோது, சற்றுத் தள்ளி ஒரு மதிலுக்குப் பின்னால் சசி மறைந்து நின்று தண்ணீர் குடிப்பதைக் கண்டேன். காலையிலிருந்து அவன் அடிக்கடி காணாமல்போனது இதற்குத்தான் என்று அப்போது விளங்கியது. நோன்பாளிக்கு முன்னால் குடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவன் எனக்கு இரக்கம் காட்டுகிறான். வாப்பா காட்டினார். மாஸ்டர் காட்டினார். அவர்களைப் படைத்தவன் அந்த அனுமதியில் காட்டிய இரக்கத்தை மட்டும் வேண்டாம் என்று தள்ளிவிட்டு, அவனிடமே கையேந்தி நிற்கிறேன். அந்த இடத்தில் எனக்கு உறைத்தது. நான் பிடித்தது நோன்பல்ல, பேரம்.

"சசி, அந்தப் போத்தலைத் தா."

"நோன்பெல்லோ மச்சான்?"

"ஓம். ஆனா நான் பயணத்தில வந்தவன். எனக்கு அனுமதி இருக்கு."

பிஸ்மி சொல்லிக் குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசி இன்றும் நாக்கில் இருக்கிறது.

சற்று நேரத்தில் கசெற்றைப் போட்டார்கள். 'பீப்' சத்தம் வரவர நெருங்கியது. ஒவ்வொருவராக வெளியேறினார்கள். வேகமானவர்கள் முதலில் விழுந்தார்கள். சசியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி, ஓரத்தில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினான். கடைசியில் கோட்டுக்கு நடுவே நான் ஒருவன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டம்தான் என்னைக் கடைசி ஆளாக மறுநாள் ஆட்டத்துக்குள் தள்ளியது.

மறுநாள் பந்து கிடைத்தது. அதற்குப் பிறகு எனக்குப் பயம் இருக்கவில்லை. என்னை எடுத்தார்கள். எல்லோரையும் முந்தி ஓடிய சசியை எடுக்கவில்லை. பஸ் நிலையத்தில் அவன் சொன்னான்: "நீ பந்து வாற இடத்தில முதலே போய் நிக்கிறாய் மச்சான். நான் அதுக்குப் பின்னால கலைச்சுக்கொண்டு திரியிறன்." அப்போதும் சிரித்தான். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அந்த ஒரு நோன்பைக் கொழும்பில், ரமழான் கழிந்து ஒரு சாதாரண நாளில் கழாச் செய்தேன். ஊரார் யாரும் நோன்பில்லாத அந்த நாளில், கேட்பதற்கு எதுவும் இல்லாமல் பிடித்த நோன்பு அது.

2006இல் வேலை நிரந்தரமானதும் சிறிய வீடொன்று வாடகைக்கு எடுத்து உம்மாவையும் வாப்பாவையும் அழைத்தேன். கடையை விட்டுவர வாப்பாவுக்கு மனமே இல்லை. உம்மாவின் நச்சரிப்பில் வந்தார். கொஞ்ச நாளில் மறுபடி சண்டை தொடங்கி, வன்னிக்கான பாதையை மூடிவிட்டார்கள். நான் கேட்டது காலுக்கு வேகம். அல்லாஹ் தந்தது அவர்கள் இருவரும் வெளியே வர ஒரு வாசல். அல்ஹம்துலில்லாஹ்.

இங்கேயே முடித்தால் என் சாட்சியம் அழகாக இருக்கும். ஆனால் உண்மை இதோடு முடியவில்லை. இந்த வருடம், 2009இல், யுத்தத்தில் தப்பிய வன்னிச் சனங்கள் வவுனியா முகாம்களுக்கு வந்தபோது, விசுவமடு ஆட்கள் என்று அறிந்தவர்களிடமெல்லாம் சசியைப் பற்றி விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுடைய தாயும் தன் கோயிலில் அவனுக்காகக் கும்பிட்டிருப்பா. எனக்கு ஏன் கிடைத்தது, அவாவுக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவன்போல் பேசவும் மாட்டேன்.

சகோதரர்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று மனம் உடைந்திருந்தால், உங்கள் பக்கத்தில் யாராவது போத்தலோடு நிற்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள். அல்லாஹ்வின் இரக்கம் அப்படியும் வரும். வெட்கப்படாமல் வாங்கிக் குடியுங்கள். பிறகு எழும்பி ஓடுங்கள்.

எனக்கு வேகம் கேட்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் சசிக்காகக் கேட்கிறேன். யா அல்லாஹ், நீ அவனுக்குக் கொடுத்த அந்தக் கால்கள் அவனை எங்காவது கரைசேர்த்திருக்கட்டும்.