சிவப்புக் கார் நின்ற வளைவு

குரோவாட்டியக் கடற்கரையில் மகார்ஸ்கா ஊருக்கு மேலே, பியோகொவோ மலைப் பூங்காவின் நுழைவாயிலில் பதினோரு வருஷமாகக் குறுக்குக் கட்டையைத் தூக்கி இறக்குகிறவள் நெதில்கா. ஐம்பத்தெட்டு வயது. தடித்த தேகம், அதைவிடத் தடித்த குரல். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை கார்தான் மேலே போகலாம் என்று பூங்காவில் ஒரு வரையறை உண்டு. அதற்கு மேல் வருவது மந்திரியே ஆனாலும், "அத்திமர நிழல்ல நிறுத்துங்க, நான் கூப்பிடறேன்" என்பாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் கொடுக்கவில்லை, தானாக வந்து சேர்ந்தது. உச்சிக்குப் போகும் பாதை ஒரு கார் அகலம்தான். ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, மறுபக்கம் சரிவு, அதற்கும் கீழே கடல். எதிரே வண்டி வந்துவிட்டால் சிலருக்குக் கைகால் விறைத்துப்போகும். அப்போதெல்லாம் நெதில்கா போய், அவர்களை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்து வருவாள். அவள் அப்பா உச்சியிலுள்ள ஒளிபரப்புக் கோபுரத்துக்குச் சாமான் ஏற்றிப்போன லாரி டிரைவர். பதினேழு வயதில் அந்த லாரியில், இதே பாதையில்தான் அவள் ஓட்டப் பழகினாள்.

போன ஜூனில் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணி வாக்கில், மலைக் காவலன் ஃபிரானே வாக்கி-டாக்கியில் கூப்பிட்டான்.

"அக்கா, ஒம்பதாவது கிலோமீட்டர் வளைவு. சிவப்புக் கார். எதிர்ல ஒரு வேன் வந்திருச்சு. பெரியவரு ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அசைய மாட்டேங்கிறாரு."

"பேசுறாரா?"

"சாமியைக் கூப்பிடுறாரு. பொண்டாட்டி பாறைமேல உக்காந்து செர்ரி தின்னுட்டிருக்காங்க."

கட்டையை, தன்னோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் விட்டுவிட்டு நெதில்கா ஜீப்பில் போனாள். காருக்குள் குனிந்து பார்த்தவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. மீசை நரைத்திருந்தது. ஆனால் கஞ்சி போட்ட சட்டையும், பையில் செருகிய பேனாவும், கண்ணுக்கு மேல் ஒட்டவைத்த மாதிரி அந்த அடர்ந்த புருவமும் மாறவேயில்லை. ஸ்தெஸ்லாவ். லைசென்சு பரீட்சை எடுத்தவர். இருபது வயதில் அவளை மூன்று முறை ஃபெயிலாக்கியவர். மூன்றாவது முறை துறைமுகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவரை நேரில் பார்த்தால் என்னவெல்லாம் கேட்கவேண்டும் என்று பல வருஷம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தவள்.

இப்போது அதெல்லாம் கேட்கிற நேரமில்லை. மனுஷன் இன்னும் ஸ்டியரிங்கை விடவில்லை.

"கையை எடுங்க சார். ஒவ்வொரு விரலா. அவ்வளவுதான். அந்தப் பக்கம் நகருங்க."

ஐம்பது தப்படி பின்னால் பாதை கொஞ்சம் அகலும். பின்னால் வந்த வண்டிகளை ஃபிரானே அதற்கும் கீழே ஒதுக்கி வைத்திருந்தான். நெதில்கா ஜன்னல் வழியாகத் தலையைத் தோள்வரை வெளியே நீட்டி, பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே காரைப் பின்னுக்கு எடுத்தாள். சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு சாண்தான். வேன் நன்றி சொல்லி இறங்கிப் போனது.

"கீழயா, மேலயா?" என்று கேட்டாள்.

"கீழ" என்றார் அவர்.

"மேல" என்றாள் அவர் மனைவி டோன்கா, பின்சீட்டில் ஏறிக்கொண்டே. "நாப்பது வருஷமா அண்ணாந்து பாத்தாச்சு. ஒரு வருஷம் காத்துங்கிறாரு, ஒரு வருஷம் முழங்காலுங்கிறாரு. இன்னைக்கு விட்டா இனி சவப்பெட்டியிலதான்."

மேலே ஏறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் நெதில்கா ஹாரனை அமுக்கினாள், தலையை வெளியே நீட்டினாள். ஸ்தெஸ்லாவ் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"தலையை உள்ள வெச்சு ஓட்டும்மா. அது தப்பு."

"அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க சார்."

"என்னைக்கு?"

"முப்பத்தேழு வருஷம் ஆச்சு. மொதல் தடவை தலையை வெளிய நீட்டினேன்னு ஃபெயில். ரெண்டாவது, தெருமுனைக்குத் தெருமுனை ஹாரன் அடிச்சேன்னு. மூணாவது, கண்ணாடியைப் பாக்கலேன்னு. அப்ப மலையில பின்னால யாரு வந்தா, பாக்கறதுக்கு?"

பின்சீட்டில் டோன்கா சிரித்த சிரிப்பில் செர்ரிக் கொட்டை புரைக்கேறிவிட்டது.

"ஊருக்குள்ள அது தப்புதான்" என்றார் அவர், விட்டுக்கொடுக்காமல்.

"தப்புதான் சார். ஊருக்குள்ள."

இரண்டு வளைவு போனபின் மெதுவாகக் கேட்டார். "மூணாவது தடவை கொஞ்சம் கறாரா இருந்துட்டேனோ?"

"இருந்தீங்க. நாலாவது தடவை வேற ஆளு வந்தாரு, பாஸாயிட்டேன்."

"எனக்கு உயரம் ஆகாது" என்றார் அவர். "முப்பது வருஷம் அடுத்தவங்க ஓட்ட, பக்கத்து சீட்டுல உக்காந்தே வந்தவன் நான். இது யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள் டோன்கா.

உச்சியில் டோன்கா கடலைப் பார்த்து நின்றாள். ப்ராச், ஹ்வார் தீவுகள் காலடியில் கிடந்தன. ஸ்தெஸ்லாவ் கடலுக்கு முதுகைக் காட்டி, பாறையை ஒட்டி நின்றார். ஒரு வெடிப்பில் கட்டைவிரல் உயரத்துக்கு ஊதாப் பூக்கள் கொத்தாகப் பூத்திருந்தன. குனிந்து, மூக்கு படுகிற அளவுக்குப் பார்த்தார்.

"மண்ணே இல்லாம எப்படிம்மா?"

"அந்த இடுக்குல கொஞ்சம் இருக்கும். அதுக்கு அது போதும்."

நெதில்கா தன் ரொட்டியையும் உப்பு நெத்திலியையும் மூன்றாகப் பங்கிட்டாள். முழுவதும் சாப்பிட்டார்கள். இறங்கும்போது அவர் இரண்டு கண்களையும் திறந்தே வைத்திருந்தார், பாறைப் பக்கம் மட்டும்.

இந்தக் கோடையிலும் இரண்டு பேரும் வந்தார்கள், பஸ்ஸில். டோன்கா ஃபிரானேயின் ஜீப்பில் மேலே போய்விட, ஸ்தெஸ்லாவ் நுழைவாயிலில் நெதில்காவின் காவல் கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும், "இறங்கும்போது ரெண்டாவது கியர். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராதீங்க" என்று ஆரம்பித்துவிடுவார்.

"அக்கா, இவரால வரிசை நீளுது" என்று திரும்பி வந்த ஃபிரானே புலம்பினான்.

"நீளட்டும்டா. யாரு ஓடிப்போறா?" என்றாள் நெதில்கா. ஒரு ஜெர்மன்காரனிடம் அவர் குரோவாட்டிய மொழியிலேயே பத்து நிமிஷம் பேசி முடித்தார். அவன் பவ்யமாகத் தலையாட்டினான். நெதில்கா கட்டையைத் தூக்கினாள்.